வேலியும் பொட்டும்

வைஃபை ரவுட்டரின் பாதுகாப்பை ஒரு படி உயர்த்த இரண்டு நிமிடம் போதும். உயர்த்திய பிறகு வீட்டில் எது எது வேலை செய்யாமல் போனது என்று கண்டுபிடிக்கத்தான் இரண்டு நாள் எடுக்கும்.

ஸ்கந்தபுரத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்கராயன் பக்கம், பெரிய வளவு ஒன்றுக்குள் ஒரு கல்வீடு. மகளின் கையில் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய அண்ட்ரொய்ட் ஃபோன். உயர்தரம் படிக்கும் மகனிடம், சுவிஸில் இருக்கும் மாமா தான் பாவித்து முடித்துக் கொடுத்துவிட்ட மடிக்கணினி. அதில் இன்னும் விண்டோஸ் 7. அம்மம்மாவுக்குக் கனடாவிலிருந்து வந்த பழைய ஐபாட். பின்னேரத்தில் பேரப்பிள்ளைகளின் முகம் பார்ப்பது அதில்தான். முற்றத்தைப் பார்த்தபடி ஒரு வைஃபை கமரா. மூலையில் ஒரு பிரின்டர். இந்த வீட்டுக்குப் புது ரவுட்டர் ஒன்று வருகிறது. மகன் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இருப்பதிலேயே உயர்ந்த பாதுகாப்பு என்று எழுதியிருந்த டபிள்யூபிஏ-3 ஐத் தெரிவுசெய்து சேமிக்கிறான். மகளின் ஃபோன் இணைகிறது. மற்ற எல்லாம் வெளியே நிற்கின்றன.

இந்த இடத்தில் ஊரில் இரண்டு அறிவுரைகள் கிடைக்கும். கிளிநொச்சி ரவுனில் ஃபோன் திருத்தும் தம்பி, "பழசெல்லாத்தையும் எறிஞ்சுபோட்டுப் புதுசா எடுங்கோ அன்ரி" என்பார். பக்கத்து வளவுப் பெடியன், "பழையபடி மாத்திவிடுங்கோ, எல்லாம் வேலை செய்யும்" என்பான்.

முதல் அறிவுரை எங்கள் ஊருக்கு ஏறாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் இது. ஓடுகிற சாமானை எறிகிற பழக்கம் எங்களிடம் இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் பாய்ந்த பிறகு, எறிய மனம் வந்தாலும் காசு வரவில்லை. இரண்டாவது அறிவுரை சுலபமானது; ஆனால் வீட்டிலுள்ள மிகப் பழைய கருவி ஒன்றுக்காக எல்லாக் கருவிகளையும் அதன் நிலைக்கு இறக்கிவிடுகிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ள வைஃபை பாதுகாப்பின் கால் நூற்றாண்டுக் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தக் கதை முழுவதும் இந்த ஸ்கந்தபுரம் வீட்டின் சிக்கல்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

காற்றில் எல்லை இல்லை

வைஃபை என்பது வானொலி அலை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், 5 கிகாஹேர்ட்ஸ் அலை 6 சென்ரிமீற்றர். நீளம் கூடியது சுவரைத் தாண்டி வெளியே போகும். குறைந்தது வேகமாகத் தரவு சுமக்கும், ஆனால் சீமெந்துக் கல்லில் மடங்கிவிடும். கொழும்பில் ஒரு தொடர்மாடியில் ஃபோனைத் திறந்தால் இருபது வைஃபைப் பெயர்கள் வரிசையாக நிற்கும். அலைகள் ஒன்றையொன்று அமுக்கிக்கொள்ளும். ஸ்கந்தபுரத்தில் அயல்வீடு தூரத்தில். இடையூறு செய்ய வேறு அலை இல்லாதபடியால் விறாந்தையில் இருக்கும் ரவுட்டரின் அலை முற்றம் கடந்து, படலை கடந்து, ஒழுங்கைவரை தெளிவாகப் போகும். ஒரு திசையை மட்டும் நோக்கும் அன்ரனா வைத்திருப்பவருக்கு அது இன்னும் தூரத்திலும் கேட்கும்.

புது ரவுட்டரில் இரண்டு மூன்று அன்ரனாக்கள் நீட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு தமிழருக்கும் பங்குண்டு. பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றிப் பின்னர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ், பல அன்ரனாக்களைக்கொண்டு ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல தரவு ஓடைகளை அனுப்பும் முறைக்கு 1992 இல் காப்புரிமை விண்ணப்பித்தார். 2009 இல் வெளியான 802.11என் தரத்திலிருந்து வைஃபையின் வேகத்துக்கு அந்த முறைதான் அடித்தளம். 2014 இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

அலை படலையில் நிற்காது என்றால், அதில் போகிற தரவை மறைகுறியாக்குவது மட்டுமே பாதுகாப்பு. அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மும்பையில் ஓர் உதாரணம் உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன், ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. பொலிஸார் அதன் இணைய முகவரியைத் தேடிப் போய்ச் சேர்ந்தது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக்கு. அவருடைய வைஃபை இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அடுத்த வாரங்களில் மும்பையின் ஒரு கல்லூரி, ஒரு தனியார் நிறுவனம் ஆகியவற்றின் வைஃபையூடாகவும் இதே மாதிரி மின்னஞ்சல்கள் போயின. அதன் பிறகுதான், 2009 பெப்ரவரியில், வாடிக்கையாளரின் வைஃபை பாதுகாக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்யுமாறு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை இணையச் சேவை நிறுவனங்களைப் பணித்தது.

எங்கள் ஊரில் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மாத அளவு வைத்த டேற்றாப் பொதி பத்தாம் திகதியே முடிந்துபோவதுதான் பொதுவான முதல் அடையாளம். ஒரு விடயத்தை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும்: வங்கி, வட்ஸ்அப் போன்றவற்றின் தரவு வைஃபைக்கு மேலாகத் தனியாகவும் மறைகுறியாக்கப்படுகிறது. வைஃபையை உடைத்தவருக்கு அவை உடனே திறந்துவிடாது. ஆனால் வீட்டுக் கமரா, பிரின்டர், பகிர்ந்து வைத்த கோப்புகள், புதுப்பிக்கப்படாத மடிக்கணினி எல்லாம் அவருக்கு எட்டும் தூரத்தில் வந்துவிடும்.

பழசுக்காக விட்ட பொட்டுகள்

வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் நாய் வருவது பொட்டுக்குள்ளால்தான். வைஃபை வேலியில் பெரிய பொட்டுகள் பல, பழைய கருவிகள் வந்துபோவதற்காகவே விடப்பட்டவை.

வைஃபையின் முதல் தரம் 1997 இல் வந்தபோது அதனோடு டபிள்யூஇபி என்ற பாதுகாப்பு முறையும் வந்தது. கம்பியில் போகும் தரவுக்கு நிகரான இரகசியம் கிடைக்கும் என்பது அதன் வாக்குறுதி. இது ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் 24 பிட் நீளமான ஓர் எண்ணைச் சேர்த்து மறைகுறியாக்கும். 24 பிட்டில் அமையக்கூடிய எண்கள் 1 கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216. பெரிய எண்ணாகத் தெரியும்; ஆனால் அந்தக் காலத்து 11 மெகாபிட் வலையமைப்பு ஓய்வில்லாமல் வேலை செய்தால் ஐந்து மணித்தியாலத்தில் எல்லா எண்களும் தீர்ந்து, பழைய எண் திரும்ப வரும். ஒரே எண்ணால் மறைத்த இரண்டு பொட்டலங்களை ஒப்பிட்டால் இரகசியம் கசியத் தொடங்கும். 2001 இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இன்னும் ஆழமான ஓட்டையைக் காட்டினார்கள்: அந்த எண்களிற் சில, மூல இரகசிய எண்ணையே வெளியே சொல்லிவிடும். 2007 இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் இந்த வேலையை ஒரு நிமிடத்துக்குள் முடித்துக் காட்டினார்கள்.

அது ஆய்வுகூடத்தோடு நிற்கவில்லை. 2005 இல் அமெரிக்காவில் ஒரு துணிக்கடையின் டபிள்யூஇபி வலையமைப்பு வழியாக நுழைந்தவர்கள், அதன் தாய் நிறுவனமான ரிஜேஎக்ஸின் கணினிகள்வரை போய், குறைந்தது 4 கோடியே 57 இலட்சம் கடன், பற்று அட்டைகளின் விவரத்தை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கட்டம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். டபிள்யூஇபி செத்துவிட்டது என்று தெரிந்தபோது உலகமெங்கும் கோடிக்கணக்கான வைஃபை அட்டைகள் விற்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்த சிறு சில்லுகளுக்கு ஆர்சி-4 என்ற பழைய மறைகுறி முறை மட்டும்தான் தெரியும். புதிய ஏஇஎஸ் முறையின் கணக்கைச் செய்ய அவற்றுக்கு வலு போதாது. எல்லாவற்றையும் எறியச் சொல்வதா, அல்லது அந்தச் சில்லுகளால் முடிந்த அளவில் ஒரு பாதுகாப்பைக் கட்டுவதா? பொறியியலாளர்கள் இரண்டாவதைத் தெரிவுசெய்தார்கள். 2003 இல் வந்த டபிள்யூபிஏ அப்படிப் பிறந்தது. அதன் உள்ளே இருந்த முறைக்கு டிகிப் என்று பெயர். மென்பொருளை மட்டும் மாற்றினால் பழைய அட்டை அப்படியே வேலை செய்யும்.

எவ்வளவு இறுக்கமான சமரசம் என்பதை ஓர் இடத்தில் கிட்டப் பார்க்கலாம். வழியில் யாரும் பொட்டலத்தை மாற்றினார்களா என்று சோதிக்க, நீல்ஸ் ஃபெர்குசன் என்ற நெதர்லாந்து மறைகுறியியலாளர் 'மைக்கேல்' என்ற சோதனையை வடிவமைத்தார். பழைய சில்லு மூச்சுத் திணறாமல் செய்யக்கூடிய சோதனையாக அது இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பலவீனமாகத்தான் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே கூடவே ஒரு விதி வைத்தார்கள்: ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பொட்டலங்கள் சோதனையில் தவறினால் ரவுட்டர் 60 செக்கன் வாய்மூடி இருக்க வேண்டும். சில்லின் வலுக்குறைவை நேரத்தால் ஈடுகட்டினார்கள். சில வருடங்களுக்கு மட்டும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது. 2008 இல் டிகிப்பிலும் முதல் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. 2012 இல் தரக் குழு அதைக் கைவிட்டது. இன்றைக்கும் பல ரவுட்டர்களின் பட்டியலில் அது ஒரு தெரிவாக இருக்கிறது.

2004 இல் வந்த டபிள்யூபிஏ-2 பழைய சில்லுகளைக் கைவிட்டு ஏஇஎஸ் முறைக்குப் போனது. 2006 மார்ச்சிலிருந்து 'வைஃபை' முத்திரை பெறும் எல்லாக் கருவிகளுக்கும் அது கட்டாயமாயிற்று. ஆகவே அம்மம்மாவின் ஐபாட், விண்டோஸ் 7 மடிக்கணினி, மலிவுக் கமரா எல்லாவற்றுக்கும் இது தெரியும். ஏஇஎஸ் இன்றுவரை உடைக்கப்படவில்லை.

ஆனாலும் ரவுட்டர் செய்தவர்கள் இங்கேயும் ஒரு பொட்டு வைத்தார்கள். 'டிகிப் பிளஸ் ஏஇஎஸ்' என்ற கலப்புத் தெரிவு அது. அதைத் தெரிவுசெய்தால் ஒவ்வொரு கருவியும் தனக்குத் தெரிந்த முறையில் பேசும் என்றுதான் தோன்றும். உண்மையில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகப் போகும் ஒலிபரப்புப் பொட்டலங்கள் எல்லோருக்கும் விளங்க வேண்டுமே. ஆகவே அவை டிகிப்பில்தான் போகும். வீட்டில் டிகிப் கருவி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இதே கதைதான். டிகிப்பை மட்டும் தெரிவுசெய்தால் வேகமும் 54 மெகாபிட்டைத் தாண்டாது, ஏனெனில் புதிய வேகங்களை டிகிப்போடு பயன்படுத்தத் தரமே அனுமதிக்கவில்லை.

எண்பது செக்கன்

டபிள்யூபிஏ-2 இன் மறைகுறி உறுதியானது என்றால் டபிள்யூபிஏ-3 எதற்கு? பலவீனம், கருவி வந்து சேரும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

ஃபோன் ஒன்று ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக் கைகுலுக்கிக்கொள்ளும். கடவுச்சொல் காற்றில் போகாது. ரவுட்டர் ஒரு தற்செயல் எண்ணை அனுப்பும்; ஃபோன் தன்னுடைய தற்செயல் எண்ணை, கடவுச்சொல்லை வைத்துச் செய்த கணக்கின் விடையோடு திருப்பி அனுப்பும். விடை சரியென்றால் கதவு திறக்கும். ஒழுங்கையில் நிற்பவர் இந்தச் செய்திகளைப் பதிந்துகொண்டு வீட்டுக்குப் போகலாம். அங்கே தன் கணினியில் ஒரு கடவுச்சொல்லை ஊகித்து, அதே கணக்கைச் செய்து, விடை பொருந்துகிறதா என்று பார்க்கலாம். எத்தனை கோடித் தடவை ஊகித்தாலும் எங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே வராது. ஊகிப்பவரைத் தாமதப்படுத்த அந்தக் கணக்கு வேண்டுமென்றே 4,096 சுற்றுகளாக அமைக்கப்பட்டிருக்கிறது. 2004 இல் அது பெரிய தடை. இன்றைக்கு விளையாட்டுக் கணினியில் இருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று செக்கனுக்குப் பத்து இலட்சம் ஊகங்களுக்கு மேல் செய்துவிடும்.

இப்போது எங்கள் பழக்கத்தைப் பார்ப்போம். எத்தனையோ வீடுகளில் வைஃபைக் கடவுச்சொல் ஒரு கைத்தொலைபேசி இலக்கம். இலங்கையில் அது 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்ற எட்டில் ஒன்றில் தொடங்கி, மேலும் ஏழு இலக்கங்கள் நீளும். மொத்தம் 8 கோடி. செக்கனுக்குப் பத்து இலட்சம் என்றால் எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 80 செக்கன். பிள்ளையின் பிறந்த திகதி என்றால் நூறு வருடத்துக்கும் சேர்த்து 36,525 நாட்கள்தான். அதற்கு ஒரு செக்கனும் வேண்டாம்.

இந்த எண்பது செக்கனை இல்லாமல் செய்யத்தான் டபிள்யூபிஏ-3, 2018 இல் வந்தது. இதன் கைகுலுக்கல் முறையை 2008 இல் டான் ஹார்கின்ஸ் என்ற பொறியியலாளர் முன்வைத்திருந்தார். இரு பக்கமும் கடவுச்சொல்லிலிருந்து ஒரு வளைகோட்டுப் புள்ளியைக் கணித்து, அதைத் தங்கள் தங்கள் தற்செயல் எண்ணோடு கலந்து பரிமாறும். கேட்டுக்கொண்டிருப்பவர் பதிந்து எடுத்தாலும், ஊகத்தைச் சரிபார்க்க அதில் எதுவும் இருக்காது. ஊகிக்க விரும்பினால் ஒவ்வொரு ஊகத்துக்கும் நேரில் வந்து ரவுட்டரோடு பேசித்தான் ஆக வேண்டும். பின்னொருநாள் கடவுச்சொல் வெளியே தெரிந்தாலும், முன்னர் பதிந்து வைத்த தரவை அதைக்கொண்டு திறக்க முடியாது. போலிச் செய்தி அனுப்பிக் கருவிகளை இணைப்பிலிருந்து உதறிவிடும் குறும்புக்கும் இதில் தடை உண்டு. ஒரு கருவியை அப்படி உதறிவிட்டு, அது திரும்ப இணையும்போது அந்த நான்கு செய்திகளைப் பதிவதுதான் பழைய தாக்குதலின் வழக்கமான தொடக்கம்.

2019 இல் வந்த அண்ட்ரொய்ட் 10, விண்டோஸ் 10 இன் அந்த வருட மே மாதப் பதிப்பு, ஐஓஎஸ் 13 ஆகியவற்றிலிருந்து இந்த முறை கிடைக்கிறது. ஐபோன்களில் 7 ஆம் மாதிரியும் அதற்குப் பிந்தியவையும் இதைச் செய்யும். 2020 ஜூலையிலிருந்து முத்திரை பெறும் புதுக் கருவிகளுக்கு இது கட்டாயம்.

கலப்புத் தெரிவின் விலை

மறுபடியும் அதே கேள்வி: ஏற்கெனவே கையில் இருக்கும் கருவிகளை என்ன செய்வது? மறுபடியும் அதே பதில்: ஒரு கலப்புத் தெரிவு. ரவுட்டர் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லோடு, டபிள்யூபிஏ-2 உம் 3 உம் தனக்குத் தெரியும் என்று அறிவிக்கும். புதுக் கருவி 3 இல் வரும். பழையது 2 இல் வரும்.

2019 ஏப்ரலில் மாத்தி வான்ஹூஃப், எயால் ரோனன் என்ற இரு ஆய்வாளர்கள் இதிலுள்ள பொட்டைக் காட்டினார்கள். தாக்குபவர் உங்கள் வைஃபையின் அதே பெயரில் ஒரு போலி ரவுட்டரை வைத்து, தனக்கு டபிள்யூபிஏ-2 மட்டும்தான் தெரியும் என்று சொல்லலாம். 3 தெரிந்த ஃபோன்கூட நம்பி 2 இல் பேசத் தொடங்கும். அந்த முதற் செய்திகள் போதும். மீதியை அவர் வீட்டுக்குப் போய் ஊகித்துக்கொள்வார். ஆகவே கலப்புத் தெரிவில் இருக்கும் வீட்டின் பாதுகாப்பு, கடவுச்சொல்லின் பாதுகாப்பு மட்டுமே. தொலைபேசி இலக்கத்தை வைத்துக்கொண்டு டபிள்யூபிஏ-3 என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

வேறொரு தொல்லையும் உண்டு. சில பழைய கருவிகள் கலப்பு அறிவிப்பையே விளங்கிக்கொள்ளாது. தனக்குத் தெரிந்த முறையும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் தெரியாத ஒன்றைக் கண்டதும் குழம்பி, இணைய மறுத்துவிடும். கலப்பில் வைத்தும் அம்மம்மாவின் ஐபாட் வரவில்லை என்றால் ரவுட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம்.

பழசுக்கு ஒரு தனிப் பெயர்

மூன்றாவது வழி இதுதான்: பழைய கருவிகளை எறியவும் வேண்டாம், புதியவற்றை இறக்கவும் வேண்டாம், இரண்டையும் இரண்டு வலையமைப்புகளில் பிரித்துவிடலாம்.

முதலில் ஒரு கொப்பியில் வீட்டிலுள்ள கருவிகளை எழுதுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், உள்ளே நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் அதில் இருக்கும். ஃபோனின் உலாவியில் அந்த முகவரியை அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். முதல் வேலை, அந்தப் பக்கத்துக்கான கடவுச்சொல்லை மாற்றுவது. இரண்டாவது, புதிய மென்பொருள் இருந்தால் ஏற்றுவது.

மூன்றாவது, டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியை நிறுத்துவது. அதன் எட்டு இலக்க இரகசிய எண்ணுக்குப் பத்துக் கோடி சாத்தியங்கள் இருப்பதாகத் தோன்றும். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு. மீதி ஏழையும் ரவுட்டர் முதல் நான்கு, அடுத்த மூன்று என்று தனித்தனியே சோதித்துப் பதில் சொல்லும். ஆகவே 10,000 உடன் 1,000 சேர்த்து, 11,000 முயற்சிகள் போதும். ஸ்டெஃபான் வீபொக் என்பவர் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். உங்கள் கடவுச்சொல் எவ்வளவு நீளம் என்பது இந்த வழியால் வருபவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அதன் பின் விருந்தினர் வலையமைப்பு என்ற தெரிவைத் தேடுங்கள். கடந்த சில வருடங்களில் வந்த ரவுட்டர்கள் பலவற்றில் உண்டு. அதற்கு வேறு பெயர், வேறு கடவுச்சொல், 2.4 கிகாஹேர்ட்ஸ், டபிள்யூபிஏ-2, ஏஇஎஸ் மட்டும். கமரா, ஐபாட், விண்டோஸ் 7 மடிக்கணினி இதில். புது ஃபோன்கள் முதன்மைப் பெயரில், டபிள்யூபிஏ-3 இல் மட்டும். விருந்தினர் பக்கம் இருப்பவை இணையத்துக்குப் போகலாம். முதன்மைப் பக்கம் இருப்பவற்றை எட்ட முடியாது. கமராவை வெளிநாட்டிலிருந்து பார்ப்பது தடைப்படாது, ஏனெனில் பெரும்பாலான கமராக்கள் நிறுவனத்தின் சேவையகம் வழியாகத்தான் படம் அனுப்புகின்றன. பிரின்டர் மட்டும் சிணுங்கும். ஃபோன் ஒரு பக்கமும் அது மறுபக்கமும் என்றால் அச்சிட முடியாது. அதை யூஎஸ்பி வயரால் மடிக்கணினியோடு கொழுவிவிடுங்கள்.

பழைய கருவிகளைத் தனியே வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2017 ஒக்டோபரில், வான்ஹூஃப் தன் பேராசிரியரோடு சேர்ந்து பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து டபிள்யூபிஏ-2 கைகுலுக்கலில் ஒரு பிழையைக் காட்டினார். அண்ட்ரொய்ட் 6 ஃபோன்களில் அது மிக மோசம். மறைகுறிக்கான இரகசிய எண்ணையே வெறும் பூச்சியங்களாக்கிவிட முடிந்தது. மென்பொருளைப் புதுப்பித்த கருவிகளுக்கு இப்போது ஆபத்தில்லை. நிறுவனம் கைவிட்ட பழைய ஃபோனுக்கு அந்தப் புதுப்பிப்பு வந்திருக்காது.

கிராமங்களில் பெரும்பாலும் இருப்பது சிம் போடும் நாலாம் தலைமுறை ரவுட்டர். அதன் மென்பொருள் நிறுவனத்தின் கையில். சிலவற்றில் டபிள்யூபிஏ-3 தெரிவே இருக்காது. அப்படியானால் டபிள்யூபிஏ-2, ஏஇஎஸ், நீளமான கடவுச்சொல் என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். கையில் இரண்டாவது ரவுட்டர் ஒன்று இருந்தால் அதை முதலாவதோடு வயரால் தொடுக்கலாம். இங்கே பலர் வரிசையை மாற்றிவிடுவார்கள். பழைய கருவிகள் இருக்க வேண்டியது வெளியே, சிம் ரவுட்டரில். புதியவை உள்ளே, இரண்டாவதில். உள் ரவுட்டர் வெளியிலிருந்து வரும் அழைப்பை நேரடியாக உள்ளே விடாது. உள்ளிருந்து வெளியே போவதைத் தடுக்காது. பழசை உள்ளே வைத்தால் அது வெளியே இருக்கும் எல்லாவற்றையும் எட்டிவிடும். இரண்டு ரவுட்டர்களின் முகவரித் தொடரும் வேறுபட வேண்டும்: ஒன்று 192.168.1 என்றால் மற்றது 192.168.0.

டபிள்யூஇபி அல்லது டிகிப் மட்டுமே தெரிந்த மிகப் பழைய கருவிக்காக எந்தப் பெயரையும் திறக்க வேண்டாம். அது கணினி என்றால் வயரால் தொடுக்கலாம், அல்லது யூஎஸ்பி துளையில் ஒரு புது வைஃபை அடப்ரரைச் செருகலாம். பழையது உள்ளே இருக்கும் சில்லுத்தான். கணினி அப்படியே ஓடும்.

வைஃபைப் பெயரை மறைப்பதும், அனுமதித்த கருவிகளின் முகவரியைப் பதிந்து வைப்பதும் ஊரில் பரவலான உபாயங்கள். மறைத்த பெயரை உங்கள் ஃபோனே இணையும்போது கூப்பிட்டுச் சொல்லிவிடும். கருவி முகவரி மறைகுறியில்லாமல் காற்றில் போகிறது. கேட்டவர் அதையே தன்னுடையதாகப் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் நேர விரயம்.

கடவுச்சொல்லுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஓர் அகராதியைக் கண்ணை மூடித் திறந்து, விரல் படும் ஐந்து சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். மனதில் தோன்றும் சொல் வேண்டாம். பிள்ளைகளின் பெயர், கோயிலின் பெயர், ஊரின் பெயர் எல்லாம் ஊகிப்பவரின் பட்டியலில் முதலில் நிற்கும். வெறும் 5,000 சொற்களிலிருந்து நான்கைக் குருட்டாம்போக்கில் எடுத்தாலே 625 இலட்சம் கோடி சேர்க்கைகள். அதே கிராஃபிக்ஸ் அட்டைக்கு ஏறத்தாழ 20 வருடம். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் ஒரு இலட்சம் வருடத்துக்குக் கிட்ட. எட்டிலிருந்து 63 எழுத்துவரை இடமுண்டு.

2020 இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது இணைப்பு இருந்த வீடுகள் அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் கடவுச்சொல்லைக் கொடுத்தன. அது நல்ல காரியம். இனியும் தேவை வரும். அப்படிக் கொடுப்பதானால் விருந்தினர் பெயரைக் கொடுங்கள். அதன் கடவுச்சொல்லை எப்போது மாற்றினாலும் உங்கள் சொந்தக் கருவிகளுக்கு ஒன்றும் ஆகாது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. டபிள்யூபிஏ-3 ரவுட்டர் வாங்க வசதியில்லாத வீடும் டபிள்யூபிஏ-2, ஏஇஎஸ், ஐந்து சொல் ஆகியவற்றோடு பாதுகாப்பாக இருக்கலாம். டிகிப்பையும் டபிள்யூபிஎஸ்ஸையும் இன்றைக்கே நிறுத்துங்கள், தொலைபேசி இலக்கத்தை மாற்றுங்கள். மீதியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.